அதிரும் தரையும் அமைதி வேண்டும் காந்தமும்: கருக்காந்தப் பரிவு ஆய்வுகூடத்தின் நிலம் பற்றிய ஒரு நோக்கு

பெரியகல்லாறு கிழக்கே கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் அணைத்து நிற்கும் ஒடுங்கிய மணற்பரப்பிலே அமைந்த ஊர். மட்டக்களப்பையும் கல்முனையையும் இணைக்கும் பெருந்தெரு அதனை ஊடறுத்துச் செல்கின்றது. தெருவோரத்து வீடொன்றிலே செம்பு நிறைய நீரை வைத்துவிட்டுப் பார்த்திருப்போர், பாரமேற்றிய லொறி கடந்து செல்லும்போது நீரின் மேற்பரப்பிலே மெல்லிய வளையங்கள் தோன்றி மறைவதைக் காண்பர். கதவு அசையவில்லை, சுவர் அசைந்ததாகக் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆயினும் நீர் தரையின் செய்தியை ஒளிக்காமற் சொல்லிவிடுகின்றது. நாம் அசையாதது என்று நம்பி நிற்கும் நிலம் எப்பொழுதும் அசைந்துகொண்டே இருக்கின்றது என்பதே அச்செய்தி.

அன்றாட வாழ்விலே பொருட்படுத்தத் தகாத இந்த அசைவு, நவீன இரசாயனத்தின் மிக நுண்ணிய கருவிகளுள் ஒன்றாகிய கருக்காந்தப் பரிவுக் காந்தத்தைப் பொறுத்தவரையிற் பெரும் இடராக மாறுகின்றது. அவ்விடர் எவ்வாறு நேர்கின்றது, அதனைக் குறைப்பதற்குக் கையாளப்படும் வழிகள் யாவை, அவ்வழிகளின் எல்லைகள் எவை என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய ஆய்வுக்குப் பழகிய நாம் இப்பொருளை எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். சான்றினை நம்புவதற்கு முன்னர் அச்சான்று எந்த நிலத்திலே நின்று பேசுகின்றது என வினவுவது எமது துறைக்கும் பொதுவான கடமை என்பதே எமது விடை. ஓர் ஏட்டிலுள்ள பாடம் ஆசிரியருடையதா, பிரதி செய்தவருடைய கைப்பிழையா என ஆராய்பவர்க்கு, ஒரு வரைபடத்திலுள்ள சிகரம் மூலக்கூறினுடையதா, தரையினுடையதா என்னும் வினா அந்நியமானதன்று.

1. கருவின் குரல்

ஐதரசன் அணுவின் கருவாகிய புரோத்தன் ஒரு நுண்ணிய காந்தம் போன்று நடந்துகொள்வது. வலிய காந்தப்புலமொன்றினுள் வைக்கப்படும்போது, சாய்ந்து சுழலும் பம்பரம் தலையாட்டுவதுபோல அது அப்புலத்தின் திசையைச் சுற்றி வலம்வருகின்றது. அவ்வாறு வலம்வரும் மீடிறன் (தமிழ்நாட்டார் அதிர்வெண் என்பர்) புலத்தின் வலிமைக்கு நேர்விகித சமமானது. அதே மீடிறனுடைய வானொலி அலையைச் செலுத்தினால் கருக்கள் அதற்கு இசைந்து சத்தியை ஏற்றுப் பின்னர் வெளிவிடுகின்றன. இவ்விசைவே பரிவு எனப்படுவது.

1945ஆம் ஆண்டின் இறுதியில் ஹாவார்டிலே பேர்செல், ரொறி, பவுண்ட் ஆகியோரும், அதனையடுத்து 1946இன் தொடக்கத்திலே ஸ்ரான்போட்டிற் புளொக், ஹன்சன், பக்கார்ட் ஆகியோரும் திண்மத்திலும் நீரிலும் இந்நிகழ்வைக் கண்டறிந்தனர். புளொக்கும் பேர்செலும் 1952இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பௌதிகவியலாளரின் இக்கண்டுபிடிப்பு இரசாயனவியலாளரின் கைக்கருவியானதற்கு ஒரு சிறு நுணுக்கம் காரணமாயிற்று. ஒரு மூலக்கூறிலே வெவ்வேறு இடங்களில் இருக்கும் புரோத்தன்களைச் சூழ்ந்துள்ள இலத்திரன்கள் வெளிப்புலத்தைச் சிறிதளவு மறைக்கின்றன. மறைப்பின் அளவு இடத்துக்கிடம் வேறுபடுவதால் பரிவு மீடிறனும் வேறுபடுகின்றது. ஆர்னல்ட், தர்மட்டி, பக்கார்ட் ஆகிய மூவரும் 1951இல் எதனோலின் வரைபடத்திலே மூன்று தனித்தனிச் சிகரங்களைக் காட்டினர். கள்ளிலும் சாராயத்திலும் நாம் அறிந்த அதே எதனோல் தன்னுடைய மூன்று வகைப் புரோத்தன்களையும் மூன்றுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் எண்ணிக் காட்டிவிட்டது. அம்மூவருள் ஒருவரான எஸ். எஸ். தர்மட்டி பின்னர் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலே இத்துறையைத் தொடக்கி வைத்தவர். அதே 1951இற் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்திலிருந்து ஜி. சூரியன் ஓடும் திரவங்களிற் கருக்காந்தப் பரிவு பற்றிய ஆய்வினை வெளியிட்டார். தெற்காசியா இத்துறைக்குப் பிந்தி வந்த விருந்தாளியன்று. தொடக்கத்திலேயே அங்கு இருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இன்றைய காந்தங்கள் மீகடத்திக் கம்பிச் சுருள்களால் ஆனவை. புரோத்தனுக்கு 500 மெகா ஏட்சு மீடிறனைத் தரும் காந்தத்தின் புலம் 11.74 தெசுலா, எமது நாட்டிற் புவியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்றோ தெசுலா. ஒன்று மற்றையதன் ஏறக்குறைய மூன்று இலட்சம் மடங்கு. ஆயினும் இங்கு வியப்புக்குரியது வலிமையிலும் பார்க்க நிலைபேறே ஆகும். ஐந்நூறு மில்லியன் ஏட்சிலே அரை ஏட்சினை வேறுபடுத்திக் காணவேண்டுமெனின், புலம் நூறு கோடியில் ஒரு பங்கேனும் பிறழாதிருத்தல் வேண்டும். இத்தகைய கருவி தரையின் சிறு நடுக்கத்தையும் உணர்வதில் வியப்பில்லை.

2. நடுக்கம் எவ்வாறு பொய்ச்சாட்சி ஆகின்றது

அசைவு தன்னளவிலே தீங்கன்று என்பதை முதலிற் சொல்லவேண்டும். காந்தமும் அதனுள்ளிருக்கும் மாதிரியும் ஒன்றாக ஒரே அளவில் அசையுமாயின், கரு எந்த வேறுபாட்டையும் அறியாது. ஓடும் தோணியில் எதிரெதிரே அமர்ந்த இருவர்க்கிடையிலுள்ள தூரம் தோணி ஓடுவதால் மாறுவதில்லை. சார்பசைவே தீங்கு விளைப்பது. அதாவது சுருளைப் பொறுத்து மாதிரியோ, மாதிரியைப் பொறுத்துச் சுருளோ இடம்பெயர்வது.

இச்சார்பசைவுக்கு வாய்ப்பளிப்பது காந்தத்தின் உள்ளமைப்பேயாகும். மீகடத்திச் சுருள் 4.2 கெல்வின் வெப்பநிலையிலுள்ள திரவ ஈலியத்தில் அமிழ்ந்திருக்கின்றது. அதனைச் சூழ 77 கெல்வினிலுள்ள திரவ நைதரசன் கலமும், வெப்பக் கதிர்ப்பைத் தடுக்கும் அலுமினியக் கவசங்களும், வெற்றிடமும் உள்ளன. வெளியிலிருந்து வெப்பம் உட்செல்லாதிருக்க வேண்டுமானால், உட்கலத்தைத் தாங்கும் கழுத்துக் குழாய்களும் தாங்கிகளும் மெல்லியனவாய் இருத்தல் வேண்டும். மெல்லியனவாய் இருப்பின் பாரமான சுருள் அவற்றிலே ஊசல்போலத் தொங்கும். வெப்பத்துக்கு நல்லது அதிர்வுக்குக் கெட்டதாகின்றது. ஒரு தேவையை நிறைவேற்றும் அமைப்பே மற்றொரு தேவைக்குப் பகையாகும் இம்முரண்பாடு கருவியின் இதயத்திலேயே உறைகின்றது.

தரை அதிரும்போது மாதிரி சற்றே வேறுபட்ட புலமுள்ள இடத்துக்குப் போய் மீள்கின்றது. அத்துடன் அலுமினியக் கவசம் புலத்தினுள் அசைவதால் அதிலே சுழிப்போட்டங்கள் தூண்டப்படுகின்றன; அவை தமக்கெனச் சிறு காந்தப்புலங்களை உண்டாக்குகின்றன. இரு வழிகளாலும் கருவின் மீடிறன் தரையின் தாளத்துக்கேற்ப ஏறியிறங்குகின்றது. விளைவாக, உண்மையான சிகரத்தின் இருமருங்கிலும் ஒத்த தூரத்தில் இரு போலிச் சிகரங்கள் முளைக்கின்றன. இவற்றைப் பக்கப்பட்டைகள் என்பர். அத்தூரம் அதிர்வின் மீடிறனுக்குச் சமமானது.

எண்ணொன்றால் இதனை விளங்கிக்கொள்ளலாம். 20 ஏட்சில் அதிரும் தரை, 500 மெகா ஏட்சுக் கருவியின் புலத்தை நூறு கோடியில் ஒரு பங்கு அசைக்கின்றது எனக் கொள்வோம். கருவின் மீடிறன் 0.5 ஏட்சு ஏறியிறங்கும். அதனை 20ஆல் வகுத்து மீண்டும் பாதியாக்கினால், ஒவ்வொரு போலிச் சிகரமும் உண்மைச் சிகரத்தின் 1.25 சதவீத உயரமுடையதாகும் என்பது பெறப்படும். இது சிறிதெனத் தோன்றலாம். ஆனால் உயிரிரசாயனவியலாளர் புரதத்தை நீரிலே கரைத்தே ஆராய்வர். ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 55 மூல் நீர்மூலக்கூறுகள் உள. ஒவ்வொன்றிலும் இரு புரோத்தன்கள். கரைந்துள்ள புரதமோ ஒரு மில்லிமூல் அளவினது. எனவே நீரின் சிகரம் புரதத்தின் தனியொரு புரோத்தன் தரும் சிகரத்தைவிட ஏறத்தாழ 1,10,000 மடங்கு பெரியது. அந்நீரின் 1.25 சதவீதமான போலிச் சிகரம் தேடப்படும் உண்மையைவிட ஏறத்தாழ 1,400 மடங்கு உயர்ந்து நிற்கும். நீரின் குறியை அடக்குவதற்கு முறைகள் உண்டெனினும், எஞ்சியதே தொல்லை தரப் போதுமானது.

இதனிலும் நுண்ணிய ஆபத்தொன்றுண்டு. அயற்கருக்கள் ஒன்றையொன்று பாதிப்பதால் உண்மைச் சிகரங்களே சில ஏட்சு இடைவெளியிற் பிளவுபடுவது இயல்பு. எதனோலில் அவ்விடைவெளி ஏறத்தாழ 7 ஏட்சு. தளத்தின் தாழ்ந்த மீடிறன் அதிர்வுகளும் இவ்வெல்லைக்கு அண்மையிலேயே கிடக்கின்றன. அப்பொழுது தரையின் பேச்சு மூலக்கூறின் பேச்சுப் போலவே ஒலிக்கும். அனுபவமற்ற மாணவர் இல்லாத பிணைப்பொன்றைக் கண்டதாக எழுதிவிடவும் கூடும். ஜீனர் என்பார் 1971இல் யூகோசிலாவியாவில் நடைபெற்ற கோடைப் பள்ளியொன்றில் முன்வைத்த இருபரிமாண முறையும், அதனைப் புரதங்களுக்கு விரித்து அனில் குமார், எர்ன்ஸ்ட், வூத்ரிச் ஆகியோர் 1980இல் வெளியிட்ட ஆய்வும் இத்துறையின் எல்லையைப் பெரிதும் விரித்தன. ஆயின் அத்தகைய சோதனையிலே நூற்றுக்கணக்கான பதிவுகள் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன. ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் இடையே தரை வேறுவிதமாக அசைந்திருப்பின், வலிய சிகரங்களின் நேரே இரைச்சற் கோடுகள் நீண்டு மெலிந்த சிகரங்களை மூடிவிடுகின்றன.

3. குற்றவாளியை இனங்காணல்

பக்கப்பட்டை தென்பட்டவுடன் தரையைக் குற்றஞ்சாட்டுதலும் தவறு. மாதிரிக் குழாயைச் சுழற்றுவதாலும் அவை தோன்றும். மின்வழங்கலின் 50 ஏட்சுத் தாளத்தாலும் தோன்றும். பகுத்தறிவதற்குரிய முறை எளிது. முதலிற் சுழற்சியை நிறுத்துக. மறைந்தால் சுழற்சியே காரணம். மறையாதவிடத்து, சிகரத்திலிருந்து போலிக்குள்ள தூரத்தை ஏட்சில் அளந்து, அத்தாளத்தில் இயங்குவது யாதென அயலிலே தேடுக. நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,450 முறை சுழலும் மோட்டர் 24 ஏட்சிலும், 2,900 முறை சுழல்வது 48 ஏட்சிலும் தன் பெயரை எழுதிச் செல்லும். மனிதர் நடை வினாடிக்கு ஏறத்தாழ இரண்டடி. அதன் மடங்குகளும் உடன்வரும். பாரவூர்தியின் சில்லுகள் குழியில் விழுந்தெழும்போது 10 ஏட்சினை அண்டிய அதிர்வுகள் நிலத்திற் பரவும். ஐயத்துக்குரிய பம்பியை நிறுத்தியதும் போலிச் சிகரம் மறையுமாயின் வழக்கு முடிந்தது. தரையிலும் காந்தத்தின் உச்சியிலும் ஆர்முடுகல்மானிகளை வைத்து இரண்டையும் ஒருங்கே பதிதல் இதனிலும் உறுதியான சான்று தரும்.

வேறொரு மயக்கத்தையும் இங்கே நீக்குதல் வேண்டும். மின்தூக்கி, புகைவண்டி, உருக்கு வண்டி முதலிய பெரும் இரும்புத் திணிவுகள் அயலில் அசையும்போது, தரையை ஆட்டாமலே காந்தப்புலத்தை நேரடியாகக் குலைக்கக் கூடும். அதிர்வு தடுக்கும் எந்த ஏற்பாடும் இதற்கு மருந்தாகாது; தூரமும் காந்தக் கவசமுமே மருந்து. நோய் இரண்டானால் மருந்தும் இரண்டாதல் வேண்டும்.

4. தனிமைப்படுத்தும் முறையும் அதன் எல்லையும்

அதிர்வைத் தடுக்க மெத்தென்ற எதையேனும் கீழே வைத்தாற் போதும் என்பது பொதுவான எண்ணம். இது பாதி உண்மையே. மறுபாதி அறியாமற் செய்யும் திருத்தம் நோயை வளர்க்கும்.

ஒரு திணிவை விற்சுருள்மீது வைத்தால் அதற்கெனத் தனியியல்பான ஒரு மீடிறன் அமைகின்றது. பாரத்தினால் விற்சுருள் எத்தனை சென்ரிமீற்றர் அமுங்குகின்றதோ அதன் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால் அம்மீடிறன் ஏட்சிற் கிடைக்கும். ஒரு சென்ரிமீற்றர் அமுங்கினால் 5 ஏட்சு. ஒரு மில்லிமீற்றர் மட்டுமே அமுங்கும் இறப்பர்த் துண்டாயின் ஏறத்தாழ 16 ஏட்சு. ஒரு ஏட்சு வேண்டுமெனின் 25 சென்ரிமீற்றர் அமுங்கவேண்டும்.

தரை இவ்வியல்பு மீடிறனிலும் மிகத் தாழ்ந்த தாளத்தில் அசைந்தால், மேலுள்ள திணிவும் உடனசையும், தடுப்பு ஏதுமில்லை. இயல்பு மீடிறனை அண்மித்து அசைந்தால் பரிவு ஏற்பட்டு அசைவு பெருகும். அதன் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட தாளங்களில் மட்டுமே அதிர்வு குறையத் தொடங்கும். பரிவின் துணைகொண்டு கருவை ஆராயும் கருவிக்குப் பரிவே எமனாகவும் வருதல் காண்க.

24 ஏட்சில் இயங்கும் மோட்டரையே எடுத்துக்கொள்வோம். 16 ஏட்சு இயல்புடைய இறப்பர்த் துண்டுகளின்மேற் காந்தத்தை வைத்தால், அதிர்வின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கடந்து சென்றுவிடும். தளமே 14 ஏட்சில் அதிருமாயின், அதே துண்டுகள் அதனை நான்கு மடங்குக்குங் கூடுதலாகப் பெருக்கும். மாறாக, 2 ஏட்சு இயல்புடைய காற்றுத் தாங்கிகளைக் கால்களின் கீழ் வைத்தால், அதே மோட்டரின் அதிர்வில் நூற்றில் ஒரு பங்கும் மேலே செல்லாது. அமுக்கப்பட்ட காற்றே இங்கு விற்சுருள். ஆறு சென்ரிமீற்றருக்கு மேல் அமுங்கும் உருக்கு விற்சுருள் செய்யவேண்டிய பணியை உறுதியான சிறு காற்றறை செய்துவிடுகின்றது. ஒருபுறம் தாழ்ந்தால் காற்றை உட்செலுத்தி மட்டத்தைச் சரிசெய்யும் அடைப்பிதழ்களும் அதிலுண்டு. இதனாலேயே பல நூறு கிலோகிராம் முதலாகப் பல தொன் வரையிலான காந்தங்கள் காற்றுக் கால்களின்மேல் நிற்கின்றன.

இங்கும் விலையொன்று உண்டு. 2 ஏட்சு என்பது மனித நடையின் தாளமே. அத்தாளத்திலே காற்றுத் தாங்கி தானே பரிவுறும். அதனை அடக்கத் தணிப்பு வேண்டும். தணிப்பு மிகுந்தால் பரிவின் உச்சி தாழும். ஆனால் உயர் மீடிறன்களில் தடுப்பு நலியும். நல்ல வேளையாக, இத்தகைய தாழ்ந்த தாளத்திற் சுருளும் மாதிரியும் பெரும்பாலும் ஒன்றாகவே அசைவதால் தீங்கு குறைவு. மிக மெதுவான புலப் பிறழ்வுகளைக் கருவியின் தியூத்தேரியப் பூட்டுச் சுற்று தானே திருத்திக்கொள்ளும். பத்து, இருபது ஏட்சுத் தாளங்களை அதனாற் பின்தொடர இயலாது. எனவே காற்றுத் தாங்கி காக்கும் எல்லையும் பூட்டுக் காக்கும் எல்லையும் ஒன்றையொன்று நிறைவுசெய்கின்றன. இவற்றுக்கு மேலும் வேண்டுமிடத்து, தரையின் அசைவை உணரியால் அறிந்து எதிர்விசை செலுத்தும் உயிர்ப்புள்ள தாங்கிகள் உள்ளன. அவை விலையும் பராமரிப்பும் மிக்கவை.

ஆயின் தாங்கியைப் பற்றி எண்ணுவதற்கு முன்னர் இடத்தைப் பற்றி எண்ணுதல் வேண்டும். மாடித்தளத்தின் நடுப்பகுதி முரசின் தோல் போன்றது. நிலத்தளம் மேலானது, அதனிலும் மேலானது கட்டடத்தோடு ஒட்டாது, சுற்றிவர இடைவெளி விட்டு, நேரே நிலத்தில் அமைத்த தடித்த கொங்கிறீற்றுப் பாளம். அதனுள் வைக்கும் வலுவூட்டற் கம்பியும் இரும்பாதலால் அதன் அளவும் இடமும் முன்னரே கணிக்கப்படல் வேண்டும். கருவி வந்திறங்கிய பின்னர் தரையைப் பற்றிச் சிந்திப்பது கூரை வேய்ந்த பின்னர் அத்திவாரம் தேடுவதை ஒக்கும்.

5. துடுப்பும் குழாயும்

மட்டக்களப்பு 'மீன்பாடும் தேன்நாடு' என்று பெயர்பெற்றது. நிலவு நாளிலே வாவியின் நீருக்கடியிலிருந்து எழும் இசையொலியைக் கேட்க விரும்புவோர், துடுப்பின் ஒரு நுனியை நீரில் ஆழ்த்தி மறுநுனியைக் காதோடு பொருத்துவர். 1848இல் இங்கு வந்த எமர்சன் ரெனன்ற் தோணியின் மரத்திலே காதை வைத்தபோது ஒலி பெருகியதாகப் பதிந்துள்ளார். நீரிலிருந்து காற்றுக்கு எளிதிற் கடக்காத அதிர்வு மரத்தினூடாகத் தடையின்றிச் செல்கின்றது. அக்கரையிலுள்ள நுண்ணொலியைக் காதுக்குக் கொணரும் பாலமாகத் துடுப்பு அமைகின்றது.

ஆய்வுகூடத்திலே இதே உண்மை எதிர்மாறாகத் தொழிற்படுகின்றது. பெருஞ் செலவில் காற்றுத் தாங்கிகள் பொருத்தப்பட்ட பின்னரும் பக்கப்பட்டைகள் மறையாதிருத்தல் உண்டு. தேடிப் பார்த்தால் ஈலியம் ஆவியாகி வெளியேறும் விறைத்த உலோகக் குழாய் சுவரோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். அல்லது ஏணியொன்று காந்தத்தின்மேற் சாய்ந்திருக்கும். அல்லது காந்தத்துக்குக் கீழிருக்கும் மின்கம்பிக் கட்டு தரையைத் தொட்டு இறுகியிருக்கும். அந்த ஒரு தொடுகை துடுப்பாகிவிடுகின்றது. தரையின் பாட்டு முழுவதும் அதன் வழியே ஏறிவிடும். எனவே காந்தத்தை அடையும் குழாய்களும் கம்பிகளும் நெகிழ்ச்சியுள்ளனவாய், தளர்ந்த வளைவுடையனவாய் இருத்தல் வேண்டும். பம்பியைத் தனியறையில் வைத்து அதற்கும் விற்சுருள் அளித்தல் வேண்டும். நோயை அதன் பிறப்பிடத்திலேயே தணித்தல் எப்பொழுதும் மலிவானது. குளிரூட்டியின் காற்று நேரே காந்தத்தில் மோதாதிருத்தலும் வேண்டும்.

இவ்வகைத் தவறுகளைக் கண்டறிபவர் பெரும்பாலும் கட்டுரையிற் பெயர் பொறிக்கப்படும் ஆய்வாளர் அல்லர். குழாய்களைத் தொட்டுப் பார்த்தும், பம்பிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தும் பழகிய தொழில்நுட்ப உதவியாளரே. நுண்மையான அறிவின் அடித்தளம் என நாம் சொல்வது கொங்கிறீற்றுப் பாளத்தை மட்டுமன்று. அதனைக் கலந்து ஊற்றிய கைகளையும், இரவிலே திரவ நைதரசன் நிரப்பும் கைகளையும் சேர்த்தேயாகும். இந்த உழைப்பு கணக்கிற் கொள்ளப்படாதவிடத்துக் கருவிகள் வாங்கப்படும். ஆயின் அவை நிலைத்து இயங்கா.

6. கொலாபா தந்த பாடம்

நகரத்தின் வளர்ச்சிக்கும் நுண்ணிய அளவீட்டுக்கும் உள்ள மோதல் புதியதன்று. பம்பாயின் கொலாபா அவதானநிலையம் 1826இல் நிறுவப்பட்டது. புவிக்காந்தப் பதிவுகள் 1840களிலிருந்து அங்கு நடைபெற்றன. குதிரைகள் இழுத்த ட்ராம் வண்டிகளை மின்சாரத்தால் ஓட்டத் திட்டமிட்டபோது, நிலத்திற் கசியும் மின்னோட்டம் பதிவுகளைக் குலைக்கும் என்பது தெளிவாயிற்று. அந்நிலையத்தின் முதல் இந்திய இயக்குநரான நானாபாய் மூஸ் புதிய இடமாகத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கடலோரச் சிற்றூரான அலிபாக்கைத் தெரிந்தார். காந்தத்தன்மையற்ற போர்பந்தர்க் கல்லால் அங்கு கட்டடம் எழுந்தது. 1904 முதல் 1906 வரை இரு நிலையங்களும் ஒருங்கே பதிந்தன. பழைய அளவீடும் புதிய அளவீடும் எவ்வாறு தொடர்புறுகின்றன என்பது உறுதியான பின்னரே கொலாபாவின் காந்தப் பணி நின்றது. மின்சார ட்ராம் 1907இல் ஓடியது.

இங்கு பகையாய் இருந்தது அதிர்வன்று, மின்னோட்டமே என்பது உண்மை. ஆயினும் பாடம் பொதுவானது. இடம்பெயர்தல் தோல்வியன்று, ஆனால் ஒப்பிட்டுப் பாராமல் இடம்பெயர்ந்திருப்பின் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட பதிவின் தொடர்ச்சி அறுந்திருக்கும். பின்னர் அதே கொலாபாப் பகுதியிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலே 1983இல் 500 மெகா ஏட்சுக் கருவியோடு தேசிய உயர்புலக் கருக்காந்தப் பரிவு மையம் அமைந்தது. நகரத்தை விட்டு விலகுதல் ஒரு வழி. நகரத்துள் இருந்தவாறே கருவியை நகரத்திடமிருந்து பிரித்தெடுத்தல் மற்றொரு வழி. முதலாவது தூரத்தை வேண்டுவது. இரண்டாவது பொருள்வளத்தை வேண்டுவது.

7. பெரியகல்லாற்றில் ஒரு காந்தம்?

இத்தகைய காந்தம் எதுவும் பெரியகல்லாற்றில் இல்லை. இருப்பின் என்னாகும் என்னும் வினாவை ஒரு பயிற்சியாகவே எழுப்புகின்றோம். முதலில் அஞ்சத் தோன்றுவது கடல். அலைகள் நிலத்தை ஓயாது அசைப்பது உண்மையே. ஆனால் அவ்வசைவின் தாளம் பல வினாடிகளுக்கு ஒருமுறை எனும் அளவினது. இவ்வளவு மெதுவான அசைவிற் காந்தமும் மாதிரியும் ஒன்றாய்ச் செல்வதால், கரையின் பேரோசை கருவுக்குக் கேளாது. காதுக்குப் பெரியது கருவுக்குச் சிறியது. மாறாக, பெருந்தெருவின் குழியில் விழும் பஸ்ஸின் ஓசை சில கணத்தில் மறைந்தாலும், அது பத்து ஏட்சினை அண்டியதாதலால் கவலைக்குரியது. நீரூறிய தளர்மணல் அதனைக் கடும்பாறையிலும் கூடுதலாக அசைந்து ஏற்கும். எனவே தெருவிலிருந்து விலகிய இடமும், அகன்று பாரித்த தனிப் பாளமும், காற்றுத் தாங்கியும் முதற்தேவைகள். தெருவின் குழியை நிரப்புதலும் ஒரு பௌதிக ஏற்பாடே. அதனை உள்ளூராட்சிப் பணி எனத் தள்ளிவிடல் ஆகாது. மின்தடைக்கென வைக்கும் மின்பிறப்பாக்கி காந்தத்துக்கு அருகே நிற்குமாயின், பாதுகாப்பே புதிய அதிர்வாகும். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் இக்கரையை அழித்த கடற்கோளை அறிந்தவர்கள் பாளத்தின் உயரத்தையும் மறவார்.

ஆகவே நிலம் தடையன்று. இரவின் அமைதியிலே இவ்வூர் பெருநகரொன்றிலும் பார்க்க நல்ல இடமாகவும் அமையலாம். தடையாவன வேறு: திரவ ஈலியம் தவறாது வந்துசேர்தல், தளராத மின்வழங்கல், பழுதுபார்க்கும் பயிற்சிபெற்றோர் ஆகியன. அமைதி ஊரிலும் வசதி நகரிலுமாகப் பிரிந்து கிடப்பது இயற்கையின் ஏற்பாடன்று. மனிதர் வளங்களைப் பங்கிட்ட முறையின் விளைவு. 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இற் பல்கலைக்கழகமான கிழக்கின் உயர்கல்விக் கூடம், பிரிந்து கிடந்த ஒன்றைச் சேர்க்கலாம் என்பதற்குச் சான்றாக இருக்கின்றது.

கல்முனைக்கு அப்பால் காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள், நரம்பின் அதிர்வை விஞ்ஞானக் கணக்காலும் பழந்தமிழ்ச் சான்றாலும் ஒருங்கே ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். அதிர்வு பற்றிய அறிவைத் தமிழிற் சொல்லலாமா என்ற ஐயம் அதனுடன் தீர்ந்திருத்தல் வேண்டும். மீடிறன், பரிவு, திணிவு, ஆர்முடுகல் ஆகிய சொற்களைப் பள்ளியிலே கற்ற மாணவர், பல்கலைக்கழகக் கருவியின் முன் நிற்கும்போது அச்சொற்களை மறந்துவிடுமாறு நாம் பழக்கிவிடுகின்றோம். விளைவாக, கருவி தருவதை அவர் ஐயமின்றி ஏற்கின்றார்.

கருவியின் வரைபடம் பொய் சொல்வதில்லை. அது தான் உணர்ந்த யாவற்றையும் வேறுபாடின்றிச் சொல்லிவிடுகின்றது. மூலக்கூறு சொன்னது எது, மோட்டர் சொன்னது எது, தெருவிற் சென்ற லொறி சொன்னது எது எனப் பிரித்தறிவது மனிதர் பொறுப்பு. செம்பு நீரின் வளையத்தைக் கண்டு தெருவில் வண்டி போகின்றதென அறியும் பெரியகல்லாற்றுச் சிறுவர்க்கு அப்பயிற்சியின் முதற்பாடம் முன்னரே கிடைத்துள்ளது. அடுத்த பாடங்களை அவர்களுடைய மொழியிலே அவர்களுக்கு எட்டச் செய்தல் எம்போன்றோர் கடனாகும்.